கானாடுகாத்தான் வளவும் ஓர் இரும்பு வளையமும்

பயணத்தில் பழைய கட்டடங்களைப் படம் எடுத்தபோது மறக்க முடியாதது எது என்று கேட்டால், யோசிக்காமல் காரைக்குடிப் பக்கம் செட்டியார்களின் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தான் என்றுதான் சொல்வேன்.

முதல் நாள் முழுக்க ஒரு பெரிய வீட்டை வெளியில் நின்றே எடுத்தேன். முகப்பின் உச்சியில் சுதையில் கஜலட்சுமி, இரு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஆனால் அந்த உயரத்துக்குக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்களெல்லாம் உள்பக்கம் சாய்ந்துவிடும். மேடான இடத்தில் நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால்தான் நேராக வரும். அதனால் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆச்சி, "வாசலையே எத்தனை தடவை எடுப்பீங்க தம்பி? உள்ள வந்து பாருங்க" என்றார்.

உள்ளே போய் நிலைப்படியில் நின்றதும் மூச்சே நின்றது போலிருந்தது. முகப்பு, பட்டாலை என்ற கூடம், வளவு என்ற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுக்குப் பின் கதவாக ஒரே நேர்கோடு. கடைசிக் கதவுக்கு அப்பால் பின் தெருவில் ஒரு சைக்கிள் போவது தெரிந்தது. பட்டாலை கும்மிருட்டு, அடுத்த வளவில் கண் கூசும் வெயில். ஒரே ஒளி அளவில் இரண்டும் அடங்காது. ட்ரைபாடில் வைத்து மூன்று அளவில் எடுத்துப் பிறகு சேர்த்தேன்.

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் ஆச்சி. சித்திரை மாத மதியத்தில் மண்பானை போலக் குளிர்ச்சி! சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு. தூண்கள் பர்மா தேக்கு. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கமே மேல்பக்கமாக வருவதால்தான் அந்த வழவழப்பு. நான் தரையோடு தரையாகப் படுத்து எடுக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பட்டாலையிலிருந்து அடுப்படி வரை ஓர் ஒற்றையடிப் பாதை போலப் பூ வேலைப்பாடு வெளிறியிருந்தது. எத்தனை தலைமுறைப் பெண்கள் நடந்த தடம் அது!

வளவைச் சுற்றியிருந்த அறைகள் பூட்டிக் கிடந்தன. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது அங்கே வழக்கம். இப்போது சாவிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. ஓடு மாற்றுவதென்றாலும் பங்காளிகள் எல்லோரும் சரி என்று சொல்ல வேண்டும். பர்மாவில் தொழில் செய்து சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை; 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததோடு போன அந்தப் பணம் திரும்பவில்லை. இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக் காப்பாற்றுவது லேசா?

பத்து மாதம் கழித்து, பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆச்சி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, போன தடவை நான் ரசித்து எடுத்த ஒரு வீடு இல்லை. காலி மனையும் ஒரு வேப்பமரமும் மட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்கு வெளியே சாத்தி வைத்திருக்கும் கதவுகளையும் தூண்களையும் பார்த்தால் இந்த மாதிரி வீடுகள் எங்கே போகின்றன என்று தெரியும். அந்த வீட்டுக்கு என்னிடம் ஏழு படங்கள் இருக்கின்றன. ஏழும் முகப்பு. உள்ளே ஒன்றுகூட இல்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

ஆச்சியிடம் படத்தைக் கொடுத்தேன். வளவு முழுவதும் தெரிகிற, எனக்கு ரொம்பப் பிடித்த படம். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தவர், தூணையும் தரையையும் விட்டுவிட்டு மேல் ஓரத்தில் விரலை வைத்தார். உத்திரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"தூளி கட்டுற வளையம். மூணு பேரையும் இதுலதான் போட்டு ஆட்டுனேன். இதை மட்டும் பெருசா எடுத்துத் தர்றியாப்பா?"

ஏணி கொண்டு வந்து போட்டார்கள். ஏறிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு வளையம். அதில் நூல் சேலைக் கிழிசல் ஒன்று, சாயமெல்லாம் போய், முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது.