நாலாவது நரம்பு: அம்மாவின் ஆபரேஷனுக்கு முன் ஒரு சந்தேகம்

தக்கலைக்காரன்:
அம்மாவுக்கு மூளையில் டென்டோரியம் (பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவிலுள்ள உறைத் தடுப்பு) விளிம்பில் மெனிஞ்சியோமா (மூளை உறையிலிருந்து வளரும்) கட்டி, இடப்பக்கம். அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் நாலாவதில் பட்டால் இரட்டைப் பார்வை வரலாம் என்று சர்ஜன் சொன்னார். அதிலிருந்து அம்மாவுக்குக் கண்ணே போய்விடும் என்ற பயம். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) குனிந்திருந்து பருப்புத் தோல் உரிக்கிறவர். யாராவது விளக்குங்களேன்.

வடசேரி வாத்தியார்:
தம்பி, பார்வையைக் கொண்டுபோவது இரண்டாவது நரம்பு. இது வேறே. நாலாவதான ட்ராக்ளியர், கண்ணைக் கீழே இறக்கும் ஒரு தசைக்கு மட்டும் போகிறது. உடற்கூறு பாடம் எடுத்த காலத்தில் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பையன்களை மடக்க இதைத்தான் கேட்பேன். மூளைத்தண்டின் பின்பக்கமாக வெளியே வருவது பன்னிரண்டில் இது ஒன்றுதான். இருப்பதிலேயே மெலிசு, தையல் நூல் கனம்தான். ஆனால் மண்டைக்குள் இதற்குத்தான் நீண்ட வழி. நடுமூளையைச் சுற்றி முன்னால் வந்து, டென்டோரியம் விளிம்பின் அடியை ஒட்டியே ஓடி, அதைத் துளைத்துக் கண்குழிக்குப் பின்னாலுள்ள காவர்னஸ் சைனஸ் என்ற ரத்தக்குழியின் பக்கச்சுவருக்குள் நுழைகிறது. கட்டி இருப்பதும் அந்த விளிம்பில்தானே! அதனால் டென்டோரியத்தை வெட்டுமுன் விளிம்பைத் தூக்கி நரம்பைத் தேடுவார்கள். அது நுழையும் இடத்துக்குப் பின்னால்தான் வெட்டு. கட்டி நரம்பைத் தள்ளி மறைத்திருந்தால் சிரமம்தான். உங்கள் டாக்டர் முன்கூட்டியே சொன்னது நல்லது.

குழித்துறை ராணி:
எங்க அண்ணனுக்கு பைக் விபத்துக்குப் பிறகு இந்த நரம்பில் அடி. மாடிப்படி இறங்கினால் ஒரு படி இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும். சில மாதத்தில் தானாகக் குறைந்தது. பவர் கண்ணாடி மாற்றிப் பார்த்தோம், பிரயோஜனமில்லை.

வடசேரி வாத்தியார்:
பவர் மாற்றினால் ஆகாது, ஒளியை வளைத்து இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கும் பிரிசம் வைத்த கண்ணாடி வேண்டும். மாதக்கணக்கில் பார்த்தும் சரியாகாவிட்டால் மாறுகண் ஆபரேஷன் உண்டு.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி சார். இந்த நரம்பு வலது இடது மாறிப் போகும் என்று எங்கோ படித்தேன். அப்போ அம்மாவுக்கு எந்தக் கண்?

வடசேரி வாத்தியார்:
இடது கண்தான். குறுக்கே மாறுவது நரம்பு வெளியே வருமுன்னே முடிந்துவிடும். டென்டோரியம் பக்கம் வரும்போது அது அந்தந்தப் பக்கக் கண்ணுக்கே போகிறது. பாதித்தால் அம்மா தலையை வலது தோள் பக்கம் சாய்ப்பார். நிமிர்த்திவிடாதீர்கள், இரண்டு உருவமும் ஒன்றாகத் தெரியத்தான் அப்படிச் சாய்ப்பது. படி இறங்கும்போது கூட ஒருவர் இருங்கள். அண்டி ஆபீஸுக்கு எப்போது போகலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள், குனிந்து கிட்டத்தில் பார்க்கும் வேலையில்தான் இது அதிகம் தொந்தரவு தரும்.