கால்பந்தில் இளம் ஸ்டாப்பர் பேக்குக்கு எது நல்ல தொடக்கம்: பெரிய கிளப்பின் ரிசர்வ் அணியா, சிறிய கிளப்பின் முதல் பதினொருவரில் ஓர் இடமா?

கிழக்குப் பாலக்காட்டான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இப்புறம், கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்கிறது. கால்பந்தில் ஸ்டாப்பர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவனாக ஆடுகிறான். நல்ல உயரம், ஹெட்டிங்கில் அவனை மீறிப் பந்து போவது அபூர்வம்.

மாவட்ட அணியில் அவன் ஆடியதைப் பார்த்து இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, நாட்டின் முதல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்.லில் ஆடும் கிளப் ஒன்றின் ரிசர்வ் அணி (முதல் அணிக்கு அடுத்த இளைஞர் அணி). மூன்று ஆண்டு ஒப்பந்தம்; தங்குமிடம், சாப்பாடு, ஜிம், பிசியோ எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்றொன்று, கேரளா பிரீமியர் லீக்கில் ஆடும் சிறிய கிளப். ஓராண்டு ஒப்பந்தம், சம்பளமும் குறைவு. ஆனால் முதல் ஆட்டத்திலிருந்தே அவனை இறக்கப்போவதாகப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இதற்கிடையில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் கிடைக்கிறது. அக்காவுக்கு அதில்தான் மனம்.

முன்வரிசையில் ஆடுபவனுக்குக் கோல் கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லி அடுத்த கிளப்பின் கதவைத் தட்டலாம். பின்வரிசையில் நிற்பவன் எதைக் காட்டி மேலே போவது? நம் நாட்டில் டிஃபென்டர்களின் முதல் சில ஆண்டுகள் எப்படி அமைந்தன என்பதை அறிந்தவர்கள் சொன்னால், நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுக்க உதவியாக இருக்கும். சீசன் தொடங்கினால் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் உள்ளூர்ப் போட்டி) ஆடவும் கூப்பிடுவார்கள்; ஒரே இரவில் கையில் காசு கிடைக்கும் என்பதால் அவனுக்கு அதிலும் ஆசை இருக்கிறது. அதை அனுமதிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

சித்தூர் பழைய ஸ்டாப்பர் (பதில்):

ஐயா, நான் சித்தூரில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆடிய காலத்தில் நானும் ஸ்டாப்பர்தான். இருபத்திரண்டு வயது வரை ஒரு ஸ்டாப்பருக்குச் சம்பளத்தையும் ஜெர்சியில் உள்ள பெயரையும் விட முக்கியமானது, வளர்ந்த ஆட்களுக்கு எதிராக முழுத் தொண்ணூறு நிமிடம் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து. முன்வரிசைப் பையனைக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். தவறினால் பெரிய நட்டமில்லை. ஸ்டாப்பரை அப்படி இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் துணிவு வராது. இரண்டு ஸ்டாப்பர்களும் கோல்கீப்பரும் ஒருவர் குரலுக்கு ஒருவர் பழகியிருப்பார்கள். அந்தக் கூட்டை ஆட்டத்தின் நடுவே கலைக்க யாரும் விரும்புவதில்லை. அதனால் பெஞ்சில் அமர்ந்த இளம் ஸ்டாப்பர் அங்கேயே அமர்ந்துவிடுகிறான்.

இந்திய அணிக்கு ஆடிய ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கனின் தொடக்கத்தைப் பாருங்கள். சண்டிகரில் பயின்ற அவர், 2011-12இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த யுனைடெட் சிக்கிம் அணியில் சேர்ந்தார். அந்த அணி அந்நாளின் முதல் டிவிஷனான ஐ-லீக்குக்கு ஏறியபோது அவரும் உடன் ஏறினார். 2014இல் ஐ.எஸ்.எல். கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்த முதல் பருவத்திலேயே அணி இறுதிப் போட்டி வரை போனது. தொடரின் வளரும் வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2015 மார்ச்சில் நேபாளத்துக்கு எதிராக இந்திய அணிக்காகக் களமிறங்கினார். அந்நாளில் ஐ.எஸ்.எல். சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதால், மீதிக் காலத்தில் ஸ்போர்ட்டிங் கோவா, டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ், பெங்களூரு என்று லோனில் (கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்புக்கு இரவலாக) போய் ஐ-லீக்கிலும் ஆடிக்கொண்டே இருந்தார். விளம்பரத்தில் பார்த்த ஜிங்கனை எல்லாரும் அறிவார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்ட ஜிங்கனைத்தான் உங்கள் மருமகன் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. ஐ-லீக் பருவத்தின் கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபுடன் ஆடியது நினைவிருக்கும். அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஆடிய ஈஸ்ட் பெங்கால், சென்னை சிட்டிக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. சென்னை சிட்டி தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியது. இடைவேளைக்குப் பிறகு பெத்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்ய, அடுத்த இரண்டு கோல்களையும் கௌரவ் போரா என்ற இளம் டிஃபென்டர் அடித்தார். 3-1 என்று முடிந்தது. ஐ-லீக் பட்டம் 43 புள்ளிகளோடு கோயம்புத்தூரில் தங்கியது. ஐ.எஸ்.எல்.லில் ஒடிஷா அணிக்குப் போரா போனது அதற்குப் பிறகுதான். டிஃபென்டருக்குக் காட்டக் கணக்கில்லை என்று கவலைப்பட்டீர்கள். ஆள் தேடி வருகிறவர்கள் முழு ஆட்டத்தின் வீடியோவைக் கேட்கிறார்கள். களத்தில் இறங்காதவனிடம் அந்த வீடியோ எங்கிருந்து வரும்?

செவன்ஸ் வேண்டாம். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் வெறுப்பில்லை. கேலரி நிரம்பிய இரவில் நானும் ஆடி மகிழ்ந்தவன். ஆனால் அதில் ஆஃப்சைடு, அதாவது தடுப்பவர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி, கிடையாது. ஸ்டாப்பரின் படிப்பில் பாதி, பின்வரிசை நால்வரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது. செவன்ஸில் ஊறிய பையன் ஆளை ஒட்டிக்கொண்டு கோல் வரை இறங்கிப் போய்விடுவான். மற்ற மூவரும் ஏறி நிற்க, இவன் ஒருவனால் எதிரணி ஆள் ஆன்சைடாகிவிடுவான். இன்னொன்றையும் என் மைதானத்தில் தினமும் பார்க்கிறேன். பந்து எதிர் விங்குக்குப் போனதும் பையனின் கண் பந்தோடு போய்விடும், ஸ்ட்ரைக்கர் மெல்ல நகர்ந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். உடம்பைப் பாதி திருப்பி நில், கையை நீட்டி ஆள் எங்கே என்று தொட்டுப் பார், ஓரத்திலிருந்து கிராஸ் வருவதற்குள் இரண்டு முறையாவது திரும்பிப் பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொன்னது உடம்பில் ஏற ஆட்டம் வேண்டும்.

மூணாறு வழிப்போக்கன் (பதில்):

பெரியவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆயினும் சிறிய கிளப் என்றால் எல்லாம் ஆட்டமாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மாநில லீக் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. காயம் பட்டால் கவனிக்கப் பிசியோ இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. ஜிங்கனுக்கே 2019 அக்டோபரில் முழங்காலில் காயம் பட்டு ஒரு பருவம் முழுவதும் போயிற்று. அப்படி ஒன்று நேர்ந்தால், அறுவைச் சிகிச்சைக்கும் பிறகான பல மாதப் பயிற்சிக்கும் வசதியுள்ள கிளப்பில் இருப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய கிளப்பில் காத்திருந்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. 2021-22 பருவத்தில்தான் களத்தில் ஒரே நேரத்தில் ஆடும் வெளிநாட்டவர் எண்ணிக்கையை ஐ.எஸ்.எல். ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தது. அதே ஆண்டு கேரளா பிளாஸ்டர்ஸில் சேர்ந்த மணிப்பூரின் ஹோர்மிபாம், வெளிநாட்டு ஸ்டாப்பர் ஒருவர் காயத்தால் விலகியபோது உள்ளே வந்து, மற்றொரு வெளிநாட்டு ஸ்டாப்பரான மார்கோ லெஸ்கோவிச்சின் பக்கத்தில் நின்று இறுதிப் போட்டி வரை ஆடினார். 2022இல் இந்திய அணிக்கும் போனார். அதற்கு முன்பே அவர் இளம் வீரர்களுக்கென இருந்த இந்தியன் ஆரோஸ் அணிக்காக ஐ-லீக்கில் ஆடியிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆரோஸ் அணி 2022இல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது ரிசர்வ் பையன்களுக்கு உள்ளது ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கே எதிரில் நிற்பவர்களும் பெரும்பாலும் பையன்களே.

ஆகவே ரிசர்வ் அணியில் சேர்வதாக இருந்தால் ஒன்றைக் கேளுங்கள்: ஓராண்டில் முதல் அணிக்கு எடுக்காவிட்டால் வேறு கிளப்புக்கு லோனில் அனுப்புவோம் என்று எழுத்தில் தருவார்களா? திருவனந்தபுரத்துப் பையனான பிஜோய் வர்கீஸைப் பிளாஸ்டர்ஸ் 2023இல் இன்டர் காசி கிளப்புக்கு அனுப்பியது அந்த முறையில்தான்.

கோவை இதய நோய்ப் பிரிவுச் செவிலியர் (பதில்):

எந்தக் கிளப்பில் சேர்ந்தாலும், கையெழுத்துக்கு முன் தம்பிக்கு இ.சி.ஜி.யும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஸ்டாப்பராக ஆடிய அன்வர் அலியை அறிவீர்கள். 2018இல் ஸ்பெயினில் அர்ஜென்டினாவின் இருபது வயதுக்குட்பட்டோர் அணியை நம் பையன்கள் 2-1 என்று வென்றபோது ஒரு கோல் அவருடைய ஃப்ரீ கிக். மறு ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசை தடிக்கும் நோய் தெரியவந்து அவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2021இல் அனுமதி கிடைத்து, டெல்லி எஃப்.சி., எஃப்.சி. கோவா என்று மீண்டும் ஏறி வந்தார். 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக இந்தியாவுக்குக் கோலும் அடித்தார். எல்லாருக்கும் அப்படித் திரும்பிவர வாய்க்காது. இந்த நோய் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிழக்குப் பாலக்காட்டான்:

மூவருக்கும் மிக்க நன்றி. பரிசோதனைக்கு இந்த வாரமே அழைத்துப் போகிறேன். அக்கா கேட்பது ஒன்றுதான்: கல்லூரியை விட்டுவிட்டால், நாளை ஆட்டமும் கைவிட்டால் பையன் என்ன செய்வான்? அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

சித்தூர் பழைய ஸ்டாப்பர்:

அக்காவின் கேள்வி நியாயமானது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டு, கிளப்புகள் சில முதல் அணியின் வேலைகளையே நிறுத்தியதைப் பார்த்தோம். பட்டம் வென்ற சென்னை சிட்டியும் 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. கிளப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது. முன்பு வி.பி. சத்யன் போன்ற ஸ்டாப்பருக்குக் கேரளப் போலீஸ் வேலை கொடுத்தது. அந்த அணி 1990, 1991 இரண்டு ஆண்டுகளும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அவர் பின்னர் சென்னையில் இந்தியன் வங்கிக்கும் ஆடினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு இன்றும் வழி இருக்கிறது. அதற்கு மாநில அணிச் சான்றிதழும் பட்டமும் உதவும்.

என் யோசனை இது. ஓராண்டு ஒப்பந்தத்தில் சிறிய கிளப்பில் ஆடட்டும். லீக் இல்லாத மாதங்களில் கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போகட்டும், பல்கலைக்கழக அணிக்கும் ஆடலாம். வருகைப் பதிவில் எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்று உடற்கல்வி இயக்குநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மூன்றாண்டு ஒப்பந்தம்தான் என்றால், மூணாறு நண்பர் சொன்ன லோன் ஷரத்து எழுத்தில் இருக்க வேண்டும். காயம்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, நடுவில் விலக எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டும் தெளிவாக இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அன்வர் அலி 2024இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது, ஒப்பந்தத் தகராறு மீண்டும் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். சித்தூர் நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், தனிச்செய்தியில் கேட்டால் அவரிடம் சொல்லிவைக்கிறேன்.