மெரிடாவில் ஒரு வாடகை வீடும் எங்கள் ஸ்பானிஷ் பேச்சும்

மெக்சிகோவில் வீடு எடுத்துத் தங்கி ஸ்பானிஷ் பழக நினைப்பவர்களுக்கு, கான்குன் போன்ற கடற்கரை ஊர்களைவிட யுகட்டான் மாநிலத்தின் தலைநகரான மெரிடாவையே நான் சொல்வேன். கான்குனில் நாம் வாயைத் திறப்பதற்குள் ஆங்கிலத்தில் பதில் வந்துவிடுகிறது. மெரிடாவிலும் பசேயோ தே மொந்தேஹோ சாலையை ஒட்டிய கடைகளில் ஏறக்குறைய அதே கதைதான். ஆகையால் நானும் என் மனைவியும் அங்கிருந்து தள்ளி, சாந்தியாகோ சந்தைக்கு நடந்து போகும் தொலைவில், ஆகஸ்டு மாதத்திற்கு ஒரு பழைய வீட்டை எடுத்தோம். உயரமான கூரையும், பூவேலை செய்த சிமென்ட் ஓடு பாவிய தரையும், பின்கட்டில் ஒரு முற்றமும், படுக்கையறைச் சுவர்களில் தொங்கு வலைப்படுக்கை மாட்டுவதற்கான இரும்புக் கொக்கிகளும் கொண்ட வீடு அது.

ஹோட்டலில் தங்குபவர் சாவியை வாங்கி நன்றி சொன்னால் அன்றைய பேச்சு முடிந்துவிடும். வீட்டிலோ குடிப்பதற்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன் வாங்க வேண்டும், எரிவாயு தீர்ந்தால் சொல்லி அனுப்ப வேண்டும், குப்பை வண்டி என்றைக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். ஒரு நாள் மோட்டார் ஓடியும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக்கார அம்மாள் அனுப்பிவைத்த வயதான பிளம்பர், மோட்டார் சத்தம் எப்போது மாறியது, கீழ்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நேற்று இரவு குழாய் திறந்திருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வகுப்பில் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த இறந்தகால வினைகள் அத்தனையும் அந்தக் கால் மணி நேரத்தில் தேவைப்பட்டன. நான் அரைகுறையாகச் சொன்னதை அவர் சரியான வடிவில் ஒரு கேள்வியாகத் திருப்பிக் கேட்பார். நான் தலையாட்டியதும் அடுத்ததற்குப் போய்விடுவார். திருத்தப்படுகிறோம் என்ற கூச்சமே எழவில்லை. மோட்டாரில் காற்றுப் பிடித்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதும் சரியாயிற்று.

எண்களைப் பொறுத்தவரை மெரிடாவைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைக்கமாட்டார். நகரின் மையப் பகுதியில் தெருக்களுக்குப் பெயரில்லை, எண்தான். இரட்டைப்படை எண்கள் வடக்குத் தெற்காகவும், ஒற்றைப்படை எண்கள் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. முகவரி என்பது எந்தத் தெரு, எந்த இரு குறுக்குத் தெருக்களுக்கு இடையில் என்பதுதான். பெரிய சதுக்கம் 60ஆம் தெருவில் இருக்கிறது, எங்கள் வீடோ 70ஆம் தெருவுக்கு அருகில். ஸ்பானிஷில் 60 'செசென்தா', 70 'செதென்தா'. டாக்சி ஓட்டுநர்கள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். ஓர் எழுத்து மழுங்கினால் ஐந்து தெரு நடக்க வேண்டும்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு உண்மையிலேயே ஒரு சலுகை உண்டு. உயிரொலிகள் ஐந்துதான், எழுதியபடியே ஒலிக்கின்றன. அவர்களுடைய 't' நம் தகரத்தைப் போலப் பல்லைத் தொட்டே பிறக்கிறது. நாக்கை அதிரவிட வேண்டிய இரட்டை 'ர்ர' பலரையும் படுத்தும் ஒலி. ஆனால் நாகர்கோவிலில் பிறந்து, றகரத்தை இன்னும் றகரமாகவே சொல்லும் என் மனைவிக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. நான் மதுரைக்காரன், அதைப் பற்றி மேலும் எழுதுவதற்கில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: மாயா மொழி இன்றும் புழங்கும் அந்தப் பகுதியில் சொல்லின் இறுதி னகரத்தைப் பலர் மகரமாக ஒலிக்கிறார்கள். ரொட்டிக்கான 'பான்' அங்கே 'பாம்' என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் தெருவாசிகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாங்களும் இரண்டு நாற்காலிகளை வெளியே போட்ட பிறகுதான் எதிர்வீட்டுப் பாட்டி பேச ஆரம்பித்தார். அவரிடம் 'உஸ்தெத்' என்று மரியாதையாகவே பேசினோம். அவரோ எங்களை 'தூ' என்று ஒருமையில்தான் அழைத்தார். சந்தையில் சீத்தாப்பழம் வாங்கும்போது காம்போரம் வெடித்திருக்கிறதா என்று பார்க்கும்படி சொல்லிக்கொடுத்தார், எங்களுக்கு அது தெரியாது என்ற நம்பிக்கையில்.

வாடகை பேசும்போது மின்கட்டணம் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரைப் போலவே அங்கும் பொதுவாக இரண்டு மாதத்திற்கு ஒருமுறைதான் கணக்கு. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். ஏசி இல்லாமல் அங்கே ஆகஸ்டைக் கழிப்பது கடினம். குடியேறும் அன்றும் காலி செய்யும் அன்றும் மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெறுவதில் தகராறு வராது.

சைவர்கள் கேட்கக் கற்க வேண்டிய முதல் கேள்வி, கறுப்பு பீன்ஸில் 'மன்தேக்கா', அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்த்திருக்கிறார்களா என்பது. பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு, அரைத்த பூசணி விதைக் குழம்பில் தோய்த்து, உள்ளே அவித்த முட்டை வைத்துச் சுருட்டிய சோள ரொட்டியான 'பாப்பாத்சூலெஸ்' இருக்கிறது. நாங்கள் சந்தையில் வழக்கமாக உண்ட கடையில் அந்த அம்மாள், நாங்கள் கேட்குமுன்பே கொழுப்பில்லாத பீன்ஸைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.