ஓவர்ஹால் செய்த இன்ஜின்: முதல் 1,000 கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதா, பளு கொடுத்து ஓட்டுவதா?

ஈசூன்_செடான்:
எல்லாருக்கும் வணக்கம். என் காருக்கு வயது 11. போன வருடம்தான் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) இன்னும் 10 வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஆறு மாதத்தில் இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சின் மிங் ஒர்க்ஷாப்பில் ஓவர்ஹாலுக்கு, அதாவது இன்ஜினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்தேன்: வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டரை 0.5 மி.மீ. கடைந்து பெரிதாக்கி (போர் செய்து) புது பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி வரும் ரிங், பேரிங். நேற்று வண்டி கைக்கு வந்தது. மெக்கானிக் அண்ணன், "1,000 கிலோமீட்டர் வரை 60ஐத் தாண்டாதே, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதே" என்கிறார். என் மைத்துனர் முதல் நாளிலிருந்தே அழுத்தி ஓட்டச் சொல்கிறார். ஆட்டோ கியர் வண்டி. யார் பேச்சைக் கேட்பது?

பழைய_டாக்சி:
மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள் தம்பி. நான் 26 வருடம் டாக்சி ஓட்டினேன். புது இன்ஜின் என்றால் உள்ளே எல்லாம் இறுக்கமாக இருக்கும். ஒன்றோடொன்று பழக நேரம் வேண்டும். எங்கள் புளோக்கில் ஒருவர் வேனுக்கு ஓவர்ஹால் முடித்த மூன்றாம் நாளே சரக்கை ஏற்றிக்கொண்டு துவாஸ் போனார். பேரிங் பிடித்து, கிராங்க்ஷாஃப்டும் போய், இரண்டாவது தடவை செலவு செய்தார்.

சிலேத்தார்_டெக்னீஷியன்:
அண்ணன் சொல்லும் வேன் கதையை நம்புகிறேன். ஆனால் அந்தப் பேரிங் போனது வேகத்தால் இருக்காது. இடைவெளி சரியாக இருந்தால் ஓடும்போது பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்கும், உலோகம் உலோகத்தைத் தொடாது. இடைவெளி தப்பாகவோ, ஆயில் வழியில் அழுக்கோ இருந்தால் மெதுவாக ஓட்டினாலும் ஒருநாள் போகத்தான் செய்யும்.

பழக வேண்டியது ரிங்தான். ஹோனிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துச் சீராக்கிய சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளின் கூர் மழுங்குவதற்குள் ரிங் சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். ரிங்குக்கென்று இருக்கும் விறைப்பு மட்டும் அதற்குப் போதாது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் 50இல் போனால் அந்த அழுத்தம் எங்கிருந்து வரும்? ரிங் ஆயில் மேல் மிதக்கும், அந்த ஆயில் சூட்டில் காய்ந்து சுவரில் கண்ணாடிபோல் படியும். அப்புறம் அது ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும். மறுபடி பிரித்து ஹோன் செய்வதைத் தவிர வழியில்லை.

நான் விமான இன்ஜின் வேலையில் இருந்தவன். லைகாமிங் பிஸ்டன் இன்ஜினை ஓவர்ஹால் செய்தால் 65 முதல் 75 சதவீத பவரில், மினரல் ஆயில் ஊற்றித்தான் பழக்கச் சொல்கிறார்கள். 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரே அளவில் நிற்கும்வரை. அவர்களே இன்ஜினைக் கொஞ்சச் சொல்லவில்லை.

பழைய_டாக்சி:
விமானம் மணிக்கணக்காக ஒரே பவரில் பறக்கும். இங்கே ஈசூனிலிருந்து தோ பாயோ போவதற்குள் எத்தனை சிக்னல்? கார் கம்பெனிகள் சொல்வதைப் பாருங்கள். டொயோட்டா கையேட்டில் முதல் 1,000 கிலோமீட்டருக்கு அதிவேகம் வேண்டாம், திடீர் வேகம் வேண்டாம் என்று இருக்கிறது. அவர்களுக்கு இன்ஜின் தெரியாதா?

சிலேத்தார்_டெக்னீஷியன்:
அதே பட்டியலில் "ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்" என்றும் இருக்கிறது, அண்ணே. இன்னொன்று, அது தொழிற்சாலையிலிருந்து வரும் காருக்கான பேச்சு. புது இன்ஜினோடு புது கியர்பாக்ஸ், புது பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதியது. இந்தக் காலத்து இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே கோடுகளின் முனையை மழித்து அனுப்பிவிடுகிறார்கள். ஒர்க்ஷாப்பில் கல்லால் ஹோன் செய்த சுவர் அப்படி இருக்காது.

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்:
இரண்டு பேரும் முதல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டீர்கள். ரேடியேட்டரில் காற்று தங்காமல் வெளியேற்றியிருக்கிறதா, ஆயில் விளக்கு உடனே அணைகிறதா, ஒழுகல் உண்டா, இதைப் பார்த்த பிறகுதான் பளுவைப் பற்றிப் பேச வேண்டும். பழைய ஃபிளாட் டாப்பெட் கேம் (வால்வைத் திறக்கும் கேம் தட்டையான பாகத்தின் மேல் உரசி ஓடும் வகை) என்றால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000-2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட விட வேண்டும். அதையும் ஒர்க்ஷாப்பில்தான் செய்ய வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் இன்ஜினைச் சும்மா ஓட விடாதீர்கள். ரிங்குக்கும் கெடுதல், இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

ஈசூன்_செடான்:
சரி, சனிக்கிழமை துவாஸ் வழியாக மலேசியா நெடுஞ்சாலைக்குப் போய் 110இல் யோங் பெங் வரை ஓட்டிவிட்டு வரலாமா? முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறது.

சிலேத்தார்_டெக்னீஷியன்:
இப்போது வேண்டாம். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போவதால் பயனில்லை. நம் விரைவுச்சாலையின் 90 வரம்பே போதும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கியரை 2இல் போடுங்கள். 60இலிருந்து 85 வரை பாதி முதல் முக்கால் மிதி கொடுத்து ஏறுங்கள், பிறகு காலை முழுக்க எடுத்து இன்ஜின் பிரேக்கிலேயே 60க்கு இறங்க விடுங்கள். காலை எடுத்ததும் சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகி ஆயிலை மேலே இழுக்கும். அது ரிங்கைக் குளிர்வித்துத் தேய்ந்த துகளைக் கழுவும். பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். பின்னால் வண்டி இல்லாதபோது மட்டும்.

பழைய_டாக்சி:
மலேசியா வேண்டாம் என்பதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்தப் பக்கம் வண்டி நின்றால் இழுத்து வருவது பெரிய பாடு. ஆனால் முக்கால் மிதி எனக்கு ஒப்பவில்லை. எல்லா ஒர்க்ஷாப்பும் பிளாக்கைச் சுத்தமாகக் கழுவுவதில்லை. உள்ளே மணல்துகள் இருந்தால், மெதுவாகப் போகிறவனுக்குச் சத்தம் கேட்கும், ஓரம் கட்டுவான். 85இல் 2ஆம் கியரில் இரைகிறவனுக்கு எங்கே கேட்கும்?

சிலேத்தார்_டெக்னீஷியன்:
அது நியாயமான பயம். அதனால்தான் முதல் 50 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்வேன். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஈசூன்_செடான்:
இன்று காலை 5.30க்குக் கிளம்பினேன். சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி, முதல் நாலு தடவை பாதி மிதியோடு நிறுத்திக்கொண்டேன். டாக்சி அண்ணன் சொன்னது மனதில் இருந்தது. கண்ணாடி இரண்டையும் இறக்கிவிட்டுச் சத்தம் கேட்டேன், ஒன்றும் இல்லை. அடுத்த எட்டுத் தடவை முக்கால் மிதி. முதலில் காலை எடுத்தபோது லேசாக நீலப் புகை வந்தது, கடைசியில் இல்லை. 62 கிலோமீட்டர் ஓட்டி நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனேன். வடித்த ஆயிலில் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு இருந்தது. வெட்டிய ஃபில்டரில் நுண்ணிய இரும்புத்தூள், செம்பு நிறம் எதுவும் இல்லை. மறுபடி மினரல் ஆயிலே ஊற்றியிருக்கிறோம்.

பழைய_டாக்சி:
செம்பு நிறம் இல்லை என்பது நல்ல செய்தி தம்பி. பேரிங் தப்பித்தது. ஆனால் ரிங் உட்கார்ந்ததா என்று 62 கிலோமீட்டரில் சொல்ல முடியாது. டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேல் கோடு வரை ஊற்றி, ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டரை எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை, சமதரையில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பாருங்கள். 1,000 ஆனதும் எவ்வளவு இறங்கியது என்று இங்கே எழுதுங்கள். கால் லிட்டருக்குள் இருந்தால் டெக்னீஷியன் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

ஈசூன்_செடான்:
எழுதி வைத்துவிட்டேன் அண்ணே. மீட்டர் 1,48,215.