புதுப்பிப்பு: முகவாதத்திற்குப் பின் அம்மாவின் முகக்கோணல்

பெல்ஸ் பால்சி (முகத்தின் ஒரு பக்கம் திடீரெனச் செயலிழக்கும் முகவாதம்) வந்து 14 மாதங்களாகியும், அம்மா சிரிக்கும்போது இடக்கண் தானாக மூடிக்கொள்கிறது, வாய் வலப்புறம் இழுக்கிறது என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, கண்ணாடி முன் செய்யும் பயிற்சியுடன் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியையும் சேர்க்கச் சொன்னவரின் யோசனைதான். நரம்பு மீண்டும் வளரும்போது அதன் கிளைகள் தசை மாறிச் சேர்ந்துவிடுவதால் இப்படி நேர்கிறது என்று விளக்கிய பாலக்காட்டு மருத்துவர், இடக்கண்ணைச் சுற்றியும், கோணலைக் குறைப்பதற்காகப் பாதிப்பில்லாத வலப்புறத்திலும் சிறிய அளவில் ஊசி போட்டார். இரண்டு வாரங்களில் கண் மூடுவது வெகுவாகக் குறைந்தது.

எதிர்பாராதது ஒன்று: வலப்பக்கம் தளர்ந்ததால் 3 வாரங்கள் கஞ்சி உதட்டோரம் ஒழுகியது (இப்படி ஆகலாம் என்று எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம்). மருந்தின் பலன் 3 அல்லது 4 மாதங்களே நீடிக்கும் என்பதால் மறுபடியும் போட வேண்டும். மின்சாரத்தால் முகத்தசைகளை இயக்கும் மின்தூண்டல் சிகிச்சையை மருத்துவர் ஏற்கவில்லை. பயிற்சியையும் முழு பலத்தோடு அல்லாமல், கண்ணைத் திறந்துவைத்தபடி மெல்லச் சிரிக்கவே பழக்குகிறார்கள்.