பெரியத்தைதான் தலைச்சன்

யாழினி: தாத்தாவின் நோட்டைப் பார்த்து வம்சாவளி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியத்தை பெயருக்குப் பக்கத்தில் "தலைச்சன்" என்று இருக்கிறது. அப்பாவுக்குப் போட வேண்டியது இடம் மாறிவிட்டதா?

சித்தப்பா: இல்லைம்மா, சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஒரு தாய்க்கு முதலில் பிறந்த பிள்ளை தலைச்சன். ஆணா பெண்ணா என்ற பேச்சே அதில் கிடையாது.

கதிர்: "அன்" என்று முடிகிறதே சித்தப்பா, ஆண்பால் இல்லையா?

சித்தப்பா: பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் வழக்கில் இருபாலுக்கும் பொது. "தலைச்சன் பெண், அடுத்தது பையன்" என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். முதல் கர்ப்பம் தலைச்சூல், முதல் பேறு தலைப்பிரசவம், மாடு முதல் கன்று போட்டால் தலையீற்று. எல்லாவற்றிலும் "தலை" என்றால் முதல்.

யாழினி: அப்புறம் ஏன் அப்பாவைப் பெரியண்ணன் என்கிறீர்கள்?

சின்ன அத்தை: எனக்கு அண்ணன்கள் இரண்டு பேர், அதில் பெரியவர் உங்கள் அப்பா. அக்காவுக்கோ அவர் தம்பி! அண்ணன், தம்பி எல்லாம் கூப்பிடும் ஆளைப் பொறுத்து மாறும். தலைச்சன் மாறாது, யார் சொன்னாலும் அக்காதான்.

கதிர்: கர்ணன் மாதிரி! பாண்டவர்களில் மூத்தவர் தருமர், ஆனால் குந்தியின் தலைச்சன் கர்ணன்.

சித்தப்பா: அருமையாகப் பிடித்தாய் கதிர். அந்தக் கதையின் வேதனையே அதுதானே, தலைச்சன் யாரென்று தம்பிகளுக்கே தெரியவில்லை.

கதிர்: "மூத்தது மோழை, இளையது காளை" என்று ஒரு பழமொழி உண்டே, அது தலைச்சனைச் சொல்வதா?

பெரியத்தை: பொதுவாக மூத்த பிள்ளையைச் சொல்வது. எனக்கு அந்தப் பழமொழி பிடிக்காதுப்பா. சின்ன வயதில் அதைக் கேட்டு வளரும் பிள்ளை தன்னை மந்தம் என்றே நம்பிவிடும். மூத்தவன் என்பதற்காக மட்டும் முதலிடம் தருவதும் சரியில்லை. புறநானூறு 183 படித்துப் பார். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் ஓர் அரசன், அவனே பாடுகிறான்: ஒரு குடியில் பிறந்தவர்களில் மூத்தவன் வருக என்று சொல்ல மாட்டார்களாம், அறிவுடையவன் வழியில்தான் அரசும் போகுமாம்.

யாழினி: அத்தை, உங்களுக்கு "மூத்த மகள்" என்று மாற்றிப் போடட்டுமா? இன்றைய பிள்ளைகளுக்குப் புரியுமே.

பெரியத்தை: மாற்றாதே கண்ணு. தலைச்சன் என்றே இருக்கட்டும். அம்மா என்னை எல்லோரிடமும் அப்படிச் சொல்லித்தான் அறிமுகம் செய்வார். புரியாதவர்கள் கேட்கட்டும், சொல்லிக் கொடுப்போம்.

யாழினி: சரி அத்தை. அப்பாவுக்கு "மூத்த மகன்". சின்ன அத்தைக்கு?

சின்ன அத்தை: கடைக்குட்டி. வேறு எதுவும் எழுதிவிடாதே.

யாழினி: நோட்டிலும் அதுதான் இருக்கிறது. முடித்ததும் இங்கே அனுப்புகிறேன், வரிசையைச் சரிபாருங்கள்.