காலியத்தின் அணு ஏன் அலுமினியத்தைவிடப் பெரிதாகவில்லை?

கேள்வி (மேனிலை முதலாம் ஆண்டு மாணவி):
ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே வர வர அணு ஆரம் கூடும், அயனியாக்கும் ஆற்றல் குறையும் என்று படித்திருக்கிறோம். ஆனால் 13ஆம் தொகுதியில் அலுமினியத்தின் ஆரம் 143 பிக்கோமீட்டர், அதன் கீழே உள்ள காலியத்துக்கு 135 என்று பாடநூலில் இருக்கிறது. முதல் அயனியாக்கும் ஆற்றலும் மோலுக்கு 577.5 கிலோஜூலிலிருந்து 578.8 ஆகச் சற்றே ஏறுகிறது. அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன். ஸ்லேட்டர் விதிப்படி செயலுறு அணுக்கரு மின்சுமை (உள் எலக்ட்ரான்களின் மறைப்பு போக, வெளி எலக்ட்ரான் உணரும் அணுக்கரு மின்சுமை) அலுமினியத்துக்கு 3.5, காலியத்துக்கு 5.0 என வருகிறது. ஒரு கூடு கூடுதலாக இருக்கும்போது இந்த வேறுபாடு மட்டும் போதுமா, ஐயா?

பதில் (வேதியியல் ஆசிரியர்):
அச்சுப் பிழை அன்று, அம்மா. போரானிலிருந்து அலுமினியத்துக்கு வரும் வழியில் இல்லாத ஒன்று அலுமினியத்திலிருந்து காலியத்துக்கு வரும் வழியில் குறுக்கிடுகிறது: ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரையிலான பத்துத் தனிமங்கள். அவற்றைக் கடக்கும்போது அணுக்கருவில் பத்துப் புரோட்டான்கள் சேர்கின்றன. கூடவே வரும் பத்து எலக்ட்ரான்கள் 3டி ஆர்பிட்டாலில் அமர்கின்றன. டி ஆர்பிட்டால் அணுக்கருவின் அருகே அதிகம் ஊடுருவுவதில்லை என்பதால், வெளிக்கூட்டிலுள்ள 4எஸ், 4பி எலக்ட்ரான்களை அணுக்கருவின் ஈர்ப்பிலிருந்து அது அரைகுறையாகவே மறைக்கிறது. புதிய கூடு அணுவைப் பெரிதாக்கப் பார்க்க, மறைபடாத மின்சுமை அதை உள்ளே இழுக்க, இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன.

உங்கள் கணக்கு சரி. ஆனால் அதை ஒரு படி மேலே கொண்டுபோய், பயனுறு குவாண்டம் எண்ணின் (கூட்டின் எண்ணுக்கு ஸ்லேட்டர் தரும் மதிப்பு; 3ஆம் கூட்டுக்கு 3, 4ஆம் கூட்டுக்கு 3.7) வர்க்கத்தைச் செயலுறு மின்சுமையால் வகுத்துப் பாருங்கள்; அணுவின் அளவு ஏறக்குறைய இந்த ஈவைப் பொறுத்தது. அலுமினியத்துக்கு 9 ÷ 3.5 = 2.57; காலியத்துக்கு 3.7இன் வர்க்கமான 13.69 ÷ 5.0 = 2.74. அதாவது ஸ்லேட்டர் விதி காலியத்தைச் சற்றுப் பெரிதாகவே காட்டுகிறது. 4பி எலக்ட்ரானைப் பொறுத்தவரை 3எஸ், 3பி, 3டி மூன்றுக்கும் வேறுபாடின்றி ஓர் எலக்ட்ரானின் மறைப்பு 0.85 என்று ஸ்லேட்டர் 1930இல் வகுத்ததே காரணம். டி எலக்ட்ரானின் பலவீனம் அந்த எண்ணில் தெரிவதில்லை.

பதில் (ஆய்வு மாணவர்):
கிளமென்டி, ரைமாண்டி இருவரும் 1963இல் கணினி கொண்டு கணக்கிட்ட செயலுறு மின்சுமைகள் அலுமினியத்துக்கு 4.07, காலியத்துக்கு 6.22. ஆசிரியர் சொன்ன வகுத்தலில் இவற்றை இட்டால் 2.21, 2.20 என்று கிடைக்கும். இரு முறைகளைக் கலப்பது கறாரான வழி அன்று, போக்கைக் காண உதவும், அவ்வளவே. 135 என்ற எண்ணையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். காலிய உலோகத்தின் படிக அமைப்பு வழக்கமானது அன்று. அதில் ஒவ்வோர் அணுவுக்கும் மிக அருகில் ஒரே ஓர் அணுதான் இருக்கிறது. சகப்பிணைப்பு ஆரங்களை (எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணையும் அணுக்களின் ஆரம்) எடுத்தால் அலுமினியத்துக்கு 121, காலியத்துக்கு 122 பிக்கோமீட்டர். ஆகவே தேர்வில் "ஏறக்குறைய சமம்" என்று எழுதுவதே பாதுகாப்பானது.

மாணவி:
நன்றி. அப்படியானால் அதே தொகுதியில் இண்டியத்துக்குக் கீழே உள்ள தாலியத்தின் அயனியாக்கும் ஆற்றல் இண்டியத்தின் 558இலிருந்து 589ஆக ஏறுவதும் இதே காரணத்தால்தானா?

பதில் (வேதியியல் ஆசிரியர்):
பெரும்பாலும் ஆம். அங்கே 4எஃப் எலக்ட்ரான்கள் பதினான்கும் சேர்ந்துகொள்கின்றன. அவை மறைப்பதில் டி எலக்ட்ரான்களைவிடவும் மோசம். அணுக்கரு அவ்வளவு கனமாகும்போது 6எஸ், 6பி எலக்ட்ரான்களைச் சார்பியல் விளைவும் (எலக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்குவதால் வருவது) சற்று இறுக்குகிறது. அணு ஆரம் சிர்கோனியத்துக்கு 160, அதன் கீழே உள்ள ஹாஃப்னியத்துக்கு 159 பிக்கோமீட்டர் என்று இருப்பதற்கும் அந்த 4எஃப் எலக்ட்ரான்களே முதற்காரணம். அந்த ஒற்றுமையால்தான் சிர்கோனியத் தாதுக்களுக்குள்ளேயே இருந்த ஹாஃப்னியம் 1923 வரை யார் கண்ணிலும் படவில்லை.